மாமனாரை ஏற்றிய ஜெட்

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான் உலக வழக்கம். நாற்காலி பற்றாமல் பாய் விரித்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் எனக்கு மாமனாராக வர வேண்டியவரை ஒரு பழைய ராணுவ ஜெட் விமானத்தில் ஏற்றி உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் மட்டும் பொறுப்பில்லை. பூமியின் ஈர்ப்பு விசைக்கும் அதில் பங்குண்டு. (இதை அன்றைக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் யாரும் இல்லை.)

அப்போது நான் சிங்காநல்லூர் பக்கம் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூடின மில்லில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், ஊரே கேட்டுவிட்டது. மில் முதலாளிக்கு இயந்திரங்கள் என்றால் உயிர். மில் நின்றுபோனதும், இடத்தை சைட் போட்டு விற்காமல், காலிக் கட்டடங்களை மியூசியம் ஆக்கிவிட்டார். (சைட் போட்டிருக்கலாம் என்று அவர் மகன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.) பழைய நூற்பு இயந்திரங்கள், ஊர் ஊராகக் கிணறுகளில் உழைத்து ஓய்ந்த பம்புசெட்டுகள், மாவோடு விரலையும் சேர்த்து அரைக்கக்கூடிய ஆதிகால கிரைண்டர்கள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த நான் அவற்றுக்கெல்லாம் டெக்னிக்கல் ஆபீசர். எண்ணெய் விடுவதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதும்தான் டெக்னிக்கல் வேலை.

விமானப்படையில் ஓய்வு கொடுத்த விமானங்களைக் காட்சிக்குக் கேட்டால் தருகிறார்கள் என்று முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டார். கேட்டார். கொடுத்துவிட்டார்கள். புதிதாகச் சேரும் விமானிகளுக்கு ஜெட் ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சி விமானம் அது. வாத்தியாரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி இரண்டு இருக்கைகள். "டிரைவிங் ஸ்கூல் காருங்க, ஆனா மேல போகும்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் விளக்குவார். இறக்கை தனியாக, உடம்பு தனியாக லாரியில் வந்து இறங்கியது. கூடவே வந்த விமானப்படை ஆட்கள் பூட்டிக் கொடுத்தார்கள். இன்ஜினை அவர்கள் முன்னமே எடுத்துவிட்டிருந்தார்கள். போகும்போது, "சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும், எடுக்க வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி இருந்தது.

ஸ்டாண்டு செய்தவர் எங்கள் மில்லின் பழைய ஃபிட்டர் ரங்கண்ணன். கோயமுத்தூர் லேத்துப் பட்டறையில் செய்ய முடியாதது இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவருடைய மதம். எதைக் கேட்டாலும் "பண்ணிப்போடலாமுங்க" என்பார். எனக்கும் அந்த மதத்தில் நம்பிக்கை இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில், வேண்டாம் என்று சொல்வதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

வேலை நன்றாகத்தான் போனது. கல்யாணம்தான் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் ஒரு பட்டறையோ, பனியன் கம்பெனியோ, கோழிப் பண்ணையோ, குறைந்தபட்சம் வாடகைக்கு விட நாலு கடையோ இருக்க வேண்டும். என் அம்மா பெண் வீட்டாரிடம் பேசும்போது உரையாடல் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"பையன் என்ன பண்றாருங்க?"

"மியூசியத்துல இருக்கறானுங்க."

"செரீங்க. அது போவ?"

அது போக ஒன்றும் இல்லை. அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஜாதகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போவார்கள். சொல்லி அனுப்பியவர்கள் யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் அன்னூரிலிருந்து கார்த்திகாவின் ஜாதகம் வந்தது. அவள் கால்நடை மருத்துவர். நாங்கள் பெண் பார்க்கப் போன நேரத்தில் அவள் வீட்டில் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஓர் எருமைக்குப் பிரசவம். வெகு நேரம் கழித்து, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு வந்து, கை கழுவிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "கெடாக் கன்னுங்க" என்று முதலில் எல்லோருக்கும் பொதுவாகத் தகவல் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஜெட்டு பறக்குமுங்களா?" என்றாள்.

"இல்லீங்க. இன்ஜின் கெடையாதுங்க."

"அப்ப என்னதான் பண்ணுமுங்க?"

"நிக்குமுங்க."

அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. என் வேலையைக் கேட்டுச் சிரித்து, அதற்கு மேலும் கேள்வி கேட்ட முதல் பெண் அவள்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், இந்த இடம் தட்டிப்போகக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் தட்டிப்போன இடங்களுக்காக நான் ஒரு வேளை சாப்பாட்டைக்கூட விட்டதில்லை. இதற்காக விட்டேன்.

கார்த்திகாவின் அப்பா நாச்சிமுத்து, அளந்து பேசும் விவசாயி. அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பையன் நல்ல பையனாத்தான் தெரியறாருங்க. வேலைய ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டுச் சொல்றனுங்க" என்றார். என் அம்மா உடனே, "ஆயுத பூசைக்கு வாங்க" என்று அழைத்துவிட்டாள். அதில் தப்பில்லை. பட்டறை, மில், ஆபீஸ் என்று எல்லாக் கதவும் குடும்பத்துக்கும் உறவுக்கும் திறந்திருக்கிற நாள் அது. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு அப்படியே மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆயுத பூஜைக்கு மியூசியத்தில் இருந்த அத்தனை இயந்திரங்களையும் துடைத்து, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்தோம். முதலாளி ஜெட்டின் முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இதுக்கும் முறையா பண்ணிப்போடோணுமுங்க தம்பி. வந்து முதல் பூசை."

பூசாரி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விமானத்துக்குப் பூஜை செய்து அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் அதை அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை சக்கரமுங்க?"

"மூணுங்க."

"அப்ப ஆட்டோக் கணக்குங்க" என்று மூன்று எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

எந்த வண்டிக்குப் பூஜை போட்டாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் நகர்த்தி நசுக்கினால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. மொபெட்டுக்கும் அதுதான், போர்வெல் லாரிக்கும் அதுதான். எங்கள் ஜெட்டில் ஒரு சின்னச் சிக்கல்: சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பழத்தை வைத்தால் பழம் பாட்டுக்குக் கிடக்கும், சக்கரம் பாட்டுக்கு மேலே இருக்கும். ரங்கண்ணனைப் பார்த்தேன்.

"ஸ்டேண்டக் கழட்டி எறக்கிப்போடலாமுங்க. பூசை முடிஞ்சதும் ஏத்திக்கலாமுங்க" என்றார்.

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரஸரைக் கொண்டுவந்து மூன்று டயருக்கும் காற்றடிக்கச் சொன்னதும் நான்தான். ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டுகளை உருவி, விமானத்தைத் தரையில் இறக்கினோம். மர முட்டுக் கொடுத்துச் சக்கரத்தை நிறுத்தினோம். இத்தனை நாள் கழித்துத் தன் காலில் நிற்கும் விமானத்தைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நாச்சிமுத்து வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே மில் முற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காக, அந்த முற்றத்தை விமானம் நின்ற மேட்டிலிருந்து கேன்டீன் வரைக்கும் சரிவாகக் கட்டியிருந்தார்கள். நல்ல மழை பெய்தால் கேன்டீன் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நானே பல தடவை வாளியால் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். தண்ணீர் போகிற வழியில் விமானமும் போகும் என்பதை நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நாச்சிமுத்து குடும்பம் சரியான நேரத்துக்கு வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கார்த்திகா பச்சைப் புடவையில் வந்திருந்தாள். பூட்ஸ் இல்லாமல் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் ஒவ்வொரு இயந்திரமாகக் காட்டி விளக்கினேன். நாச்சிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு பம்புசெட்டின் முன்னால் மட்டும் நின்று, "இது எங்க தோட்டத்துல இருந்துதுங்க. நெம்ப நல்லா ஓடுச்சு" என்றார். அதை நான் எனக்குச் சாதகமான சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஜெட்டுக்குப் பூஜை ஆரம்பித்தது. நாதஸ்வரமும் மேளமும் வைத்திருந்தார் முதலாளி. தீபாராதனை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்ததும் பூசாரி நிமிர்ந்து, "டிரைவர் ஏறுங்க" என்றார்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவர் உட்காராமல் வண்டியை நகர்த்தக் கூடாது, அது முறையில்லை என்றார் பூசாரி. முதலாளிக்கு மூட்டு வலி. அவர் விருந்தாளியான நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"ஒறம்பரை வந்திருக்கறாங்க. அவியளே ஏறட்டுமுங்க."

"அய்யோ, எனக்கெதுக்குங்க. நீங்க ஏறுங்க."

"இல்லீங்க, நீங்கதான் ஏறோணும்."

"அட, நீங்க இருக்கையில நான் ஏறுனா நல்லா இருக்குமுங்களா."

எங்கள் ஊரில் மரியாதையில் இறங்கிவிட்டால் ஒருவரும் லேசில் தோற்க மாட்டார்கள். கற்பூரம் அணைந்து, இன்னொன்று ஏற்றினார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெண்ணின் அப்பாவை ஜெட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தால், என் வேலையின் மதிப்பு அவருக்குத் தெரியும். அதை ஒரு போட்டோ எடுத்து அன்னூரில் மாட்டினால் ஊருக்கும் தெரியும்.

"மாமா, நீங்க ஏறுங்க. நானும் பக்கத்துல ஏறிக்கறேன்" என்றேன்.

மாமா என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை. என் அம்மா தரையைப் பார்த்தாள். கார்த்திகா பொரிப் பொட்டலத்துக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்து செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கண்ணாடி மூடியை முழுக்கத் திறந்து வைத்திருந்தோம். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவருக்கு பெல்ட் போட்டுவிட்டேன். தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும் வார்கள் எல்லாம் நெஞ்சுக்கு நேரே ஒரு வட்டப் பூட்டில் வந்து சேரும். அழுத்தினால் டிக்கென்று பூட்டிக்கொள்ளும்.

"இது எதுக்குங்க தம்பி? பழத்தத்தான நசுக்கப்போறம்."

"ரூல்ஸுங்க மாமா" என்று சொல்லி எனக்கும் போட்டுக்கொண்டேன்.

ரங்கண்ணன் முட்டுக்கட்டைகளை எடுத்தார். மில் ஆட்களும் விருந்தாளிகளும் இறக்கைக்குப் பின்னால் நின்று தள்ளினார்கள். நகரவில்லை. இன்னும் சில பேர் வந்து கை கொடுத்தார்கள். மூன்றாவது தடவை தம் கட்டியதில் விமானம் ஒரு முனகலோடு நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. "ஆச்சு, ஆச்சு!" என்று சத்தம் கேட்டது. எல்லோரும் திருப்தியாகக் கையை எடுத்துவிட்டார்கள். விமானத்துக்கு அந்தத் திருப்தி வரவில்லை.

"தம்பி, பழம் நசுங்கிப்போச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"நசுங்கிப்போச்சுங்க மாமா."

"அப்ப நிறுத்தலாமுங்க."

"நிறுத்தலாமுங்க."

விமானம் இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"நிக்கக் காணமுங்களே."

"ஆமாங்க."

"இதுக்கு பிரேக்கு இல்லீங்களா?"

"இருக்குதுங்க. வேலை செய்யாதுங்க."

"அப்ப இல்லீன்னே சொல்லலாமுங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. திருத்திச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் காலுக்குக் கிடைத்த எல்லாவற்றையும் மிதித்தேன். வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவர் எங்களை முந்தியிருப்பார். ஆனால் நிற்பதற்கான எந்த அறிகுறியும் இல்லாத வேகம் அது. வெளியே கூட்டம் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் உற்சாகமாகி வேறு பாட்டுக்கு மாறினார். பூசாரி தட்டோடு கூடவே நடந்து வந்து, நடந்தபடியே என் பக்கம் தட்டை நீட்டினார். நான் பழக்க தோஷத்தில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்துவுக்கு முன்னால் ஒரு கைப்பிடி இருந்தது. "இதத் திருப்புனா திரும்புமுங்களா?" என்று கேட்டபடி அதை இடது பக்கம் சாய்த்தார். விமானம் திரும்பவில்லை. இறக்கை ஓரத்தில் இருந்த தகடுகள் மட்டும் மேலும் கீழும் ஆடின. "றெக்க ஆட்டுது பாருங்க!" என்று கூட்டம் மறுபடி கைதட்டியது. யாரோ போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

முதலாளிக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது. அவர் மூட்டு வலியோடு கூடவே ஓடி வந்து, "தம்பி, போதுமுங்க! நெம்ப தூரம் வேண்டாமுங்க!" என்றார். ரங்கண்ணன் இறக்கையைப் பிடித்து இழுத்தார். இறக்கை அவரை இழுத்துக்கொண்டு போனது. அந்த நிலையிலும் அவர் "நிறுத்திப்போடலாமுங்க, நிறுத்திப்போடலாமுங்க" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். பந்தல் கால் ஒன்று இறக்கையில் மாட்டியது. சாமியானாத் துணி பாதி சரிந்து, ஒரு வாழை மரத்தோடு எங்கள் பின்னால் வந்தது. நாதஸ்வரம் அப்போதுதான் நின்றது.

குதித்து இறங்கி, எதையாவது எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் போடலாம் என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு. பெல்ட்டைக் கழற்றப் போனேன். வட்டப் பூட்டை அழுத்தினேன். வரவில்லை. இழுத்தேன். வரவில்லை. விமானப்படை ஆள் இதைக் கழற்றும் விதத்தை எனக்குக் காட்டியிருந்தார். தலையாட்டியது ஞாபகம் இருந்தது; அவர் காட்டியது ஞாபகம் இல்லை. நாச்சிமுத்து கைப்பிடியிலேயே கண்ணாக இருக்க, நான் இரண்டு கையாலும் என் நெஞ்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, விமானத்துக்குப் பக்கத்தில் யாரோ நடந்து வருவது தெரிந்தது.

கார்த்திகா. ஓடவில்லை, கத்தவில்லை. மிரண்ட மாட்டுக்குப் பக்கத்தில் நடப்பதுபோல, விமானத்தின் உடம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு என் பக்கமாக நடந்து வந்தாள். தலையைத் தூக்கி என் கைகளைப் பார்த்தாள்.

"கழட்ட வரலீங்களா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வரலீங்க."

"செரி உடுங்க. அப்பாவப் புடிச்சுக்கங்க. முன்னால செவுரு."

நான் பெல்ட்டை விட்டுவிட்டு, கையைக் குறுக்கே நீட்டி நாச்சிமுத்துவின் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். கேன்டீனின் அரைச் சுவர் எங்களை நோக்கி வந்தது. (நாங்கள்தான் அதை நோக்கிப் போனோம். உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.)

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. செங்கல் சரிகிற சத்தம், தகரம் உருள்கிற சத்தம், அவ்வளவுதான். ஜெட்டின் மூக்கு அரைச் சுவரை இடித்துக்கொண்டு, பரிமாறும் ஜன்னல் வழியாக உள்ளே போய், சுண்டல் அண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. தூசு அடங்கியது. அண்டாவுக்கு அந்தப் பக்கம் கையில் கரண்டியோடு சரசக்கா நின்றிருந்தாள். கேன்டீனை அவள்தான் நடத்துகிறாள். வாசலுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் நின்றால் எங்கள் ஊரில் அது பெரிய குற்றம். அவள் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

நாச்சிமுத்து விமானத்தில் இருந்தபடியே கை கூப்பினார்.

"வந்தனுங்க" என்றார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அது மட்டும்தான் அன்றைக்கு நடந்த நல்லது. கார்த்திகா இறக்கை வழியாக ஏறி வந்து, தன் அப்பாவின் பூட்டை ஒரு தடவை உற்றுப் பார்த்து, திருகி அழுத்தினாள். எல்லா வார்களும் ஒன்றாக விழுந்தன. பிறகு என்னுடையதையும் கழற்றிவிட்டாள். மேட்டில் கிடந்த செருப்பை யாரோ கொண்டுவந்து கொடுக்க, நாச்சிமுத்து போட்டுக்கொண்டார். சரசக்கா கொடுத்த சுண்டலை மரியாதைக்குக் கொஞ்சம் சாப்பிட்டார். முதலாளியிடம் "வாரேனுங்க" என்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் கார் கேட்டைத் தாண்டிப் போவதை, சாமியானாவைச் சுருட்டிக்கொண்டே பார்த்தேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் அம்மா வெகு நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒண்டிப்புதூர் தாண்டியதும், "பல்லடத்துல ஒரு இடம் சொன்னாங்க கண்ணு, கேட்டுப் பாக்கட்டுமா" என்றாள். வேலை போய்விடும் என்ற பயம்கூட இரண்டாவதுதான். அந்தச் சிரிப்பை இனிமேல் கேட்க முடியாது என்பதுதான் வலித்தது. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

வேலை போகவில்லை. முதலாளி இடிந்த சுவரையும் உள்ளே நுழைந்த மூக்கையும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். ரங்கண்ணன் அங்கேயே ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். கேன்டீனை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். "இந்த விமானம் கடைசியா ஓடுனது எங்க காம்பவுண்டுலதானுங்க" என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

அந்த வாரக் கடைசியில் நாச்சிமுத்து என் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். மன்னிப்புக் கேட்பதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ஏனுங்கம்மா, நான் நெனச்சு நெனச்சுப் பாத்தனுங்க. வண்டி கையை மீறிப் போச்சு. மேல தொறந்துதான் கெடந்துது. இந்தக் காலத்துப் பையன், ஒரே தாவுல குதிச்சுத் தப்பிச்சிருக்கலாம். குதிக்கலீங்க. என்னைய உட்டுப்போட்டுப் போவாம பக்கத்துலயே உக்காந்திருந்தாருங்க. செவுரு வந்தப்பக்கூட தன்னையப் பாக்காம என்னைய அணைச்சுப் புடிச்சாரு. மியூசியமோ என்னமோ, அது போவட்டுமுங்க. எம்புள்ளையக் கட்டிக் குடுக்கறதுக்கு இதுக்கு மேல என்னுங்க வேணும்?"

அம்மா அழுதேவிட்டாள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்டைப் பற்றி அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "சரிங்க மாமா" என்றேன். (அவர் பத்திரிகை எதுவும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து அன்னூர் பக்கம் யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.)

ஆனால் இன்னொரு ஆளுக்கு உண்மை தெரியும். என் கை பூட்டோடு போராடியதை ஒரு முழம் தூரத்திலிருந்து பார்த்தவள் அவள். அன்று சாயங்காலமே கார்த்திகாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"உங்கப்பாகிட்ட நீங்க சொல்லலீங்களா?"

"என்னத்தைங்க?"

"அந்த பெல்ட்டு..."

பின்னால் ஒரு மாடு கத்துவது கேட்டது.

"அவரு கேக்கலீங்களே" என்றாள். அப்புறம் அதே சிரிப்பு. அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

கல்யாணம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வீடியோ அன்னூர் வட்டாரம் முழுக்கச் சுற்றி முடித்துவிட்டது. ஊரில் என் மாமனாருக்குப் பெயரே பைலட்டுதான். அவர் தோட்டத்துக்கு எந்தக் காலத்திலிருந்தோ இருந்த பெயர் மறைந்து, இப்போது கூரியர்காரர்கூட பைலட் தோட்டம் என்று கேட்டுத்தான் வருகிறார். மாமா அதை மறுப்பதில்லை. உறவில் யாருக்காவது மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால், தீர்ப்புச் சொல்கிறவராக நடுவில் உட்கார்ந்து, "சொத்து பத்து எல்லாம் அப்பறமுங்க. எந்திரிச்சு ஓடாத பையனான்னு பாருங்க. எங்க மாப்பிள்ளையாட்ட" என்று என்னைக் கை காட்டுவார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாகத் தரையைப் பார்ப்பேன். கார்த்திகா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். சமையலறையிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வரும்.

எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் சண்டை வரும். போன மாதம் மாமா வந்து தங்கியிருந்தபோதே வந்தது. என்ன காரணம் என்று இப்போது ஞாபகம் இல்லை. கோபம் மட்டும் பெரிதாக இருந்தது. "இனி ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன், எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். கார்த்திகா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போங்க. மொதல்ல பெல்ட்டக் கழட்டுங்க."

மாமா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எந்த பெல்ட்டு அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. நீங்க சாப்பிடுங்க" என்றாள் அவள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.